"தேடினேன், இல்லை" என்று எழுதாதீர்கள்: பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வேடு எழுதும் பருவம் வந்துவிட்டால் என் புலனத்தில் (வாட்ஸ்அப்) கேள்விகள் குவியும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை வேளைகளில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கியம் சொல்லித் தருகிறேன். இங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்கும் போனவர்கள் இடுபணி, ஆய்வேடு என்றதும் மறுபடி என் கதவைத் தட்டுகிறார்கள். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பேருந்தில் போய் வந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். செம்பனைத் தோட்டத்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இணையம்தான் நூலகம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தேடுகிற விதத்தில் நான் இளவயதில் அடித்த அதே கூத்துகளை இவர்களும் அடிக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

எழுத்துப்பிழை, வெட்டி ஒட்டுவது, கெடு முடிந்து அனுப்புவது ஆகியவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றுக்காகத் திட்டுவதற்கு விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்தின் தலையைப் பார்க்காமல் பாட்டுக்குத் தாவுவது

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றிய நூல்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு நூலின் தொடக்கத்திலும் யார் தட்டச்சு செய்தார், யார் பிழை பார்த்தார் என்று எழுதியிருப்பார்கள். எந்த அச்சு நூலை வைத்துச் செய்தார்கள் என்ற குறிப்பும் பல இடங்களில் உண்டு. நம் பிள்ளைகள் அதை விளம்பரம்போல் தள்ளிவிட்டுக் கீழே ஓடுகிறார்கள். அப்புறம் பதிப்பு எது என்று கேட்டால் "இணையம்" என்கிறார்கள்.

இப்படித் தட்டச்சு செய்து ஏற்றிய மின்னுரையைச் சொல் தேடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோளுக்கு அச்சுப் பக்கத்தின் படத்துக்குப் போங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்கைவிலும் பழைய பதிப்புகள் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. உ.வே.சா.வின் 1894 புறநானூற்றையும் 1937 குறுந்தொகையையும் பக்கம் புரட்டிப் பார்த்தால், அடியில் சின்ன எழுத்தில் பாடவேறுபாடுகள் (ஏட்டுக்கு ஏடு சொல் மாறி வரும் இடங்கள்) இருக்கும். மின்னுரையில் அந்த அடிக்குறிப்புகள் பெரும்பாலும் வராது. அவற்றைப் பார்க்காமல் ஒரு சொல்லின் மேல் வாதம் கட்டினால் அது எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

"தேடினேன், இல்லை"

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

எங்கள் வட்டாரத் தோட்டமொன்றில் வளர்ந்த மாணவி. பழந்தமிழ் நூல்களில் கடாரம் என்ற தலைப்பை எடுத்தாள். கடாரம் என்பது இன்றைய கெடாவின் பழம்பெயர். கெடாவில் அம்மா வழிச் சொந்தம், அங்கே பழங்காலச் சின்னங்கள் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கைச் சிறுவயதிலேயே பார்த்தவள், ஆசையாக எடுத்த தலைப்பு. ஒரு நாள் குரல் பதிவு அனுப்பினாள்: "சார், சங்க இலக்கியத்துல கடாரமே இல்ல சார். நல்லா தேடிட்டேன்."

"எதுல தேடுனம்மா?"

"எல்லாத்துலயும் சார். 'கடாரம்'னு போட்டேன். சைபர்."

பட்டினப்பாலையைப் படி, உரையோடு படி என்று பதில் போட்டேன். படிக்கவில்லை. ஆய்வேட்டில் ஒரே வரியில் எழுதிவிட்டாள்: "சங்க இலக்கியத்தில் கடாரம் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை." அந்த வரியின்மேல் ஓர் இயல் முழுவதும் எழும்பிவிட்டது. 11 ஆம் நூற்றாண்டில் ராசேந்திர சோழன் படையெடுத்த பிறகுதான் தமிழர் அந்த ஊரை அறிந்தார்கள் என்று அடித்துச் சொன்னாள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே "பட்டினப்பாலை 191 ஆம் அடிக்கு நச்சினார்க்கினியர் என்ன உரை எழுதுகிறார்?" என்பதுதான். இயலைப் புதிதாக எழுதச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு பருவத்துக் கட்டணம், அதற்கும் கல்விக் கடன். அந்த வீட்டின் நிலைமை எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

அந்த அடி இதுதான்:

ஈழத் துணவுங் காழகத் தாக்கமும்

கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவியும் பொருள்களைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அடுக்கிக்கொண்டே போகிற இடம். நூலில் இருக்கும் பெயர் காழகம். அதைக் கடாரம் என்று சொல்பவர் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த உரையாசிரியர் நச்சினார்க்கினியர். மூல நூலை மட்டும் ஏற்றிவைத்த பக்கத்தில் "கடாரம்" என்று தட்டினால் சைபர் வராமல் வேறென்ன வரும்?

சரி, காழகம் என்ற பெயர் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். "காழகம்" என்று தேடினாலும் இந்த அடி சிக்காது, வேற்றுமை ஏறியிருக்கிறது. "காழகத்து" என்று தேடினாலும் சிக்காது. "காழகத்து ஆக்கமும்" என்பது புணர்ந்து, அப்புறம் சீருக்காகப் பிரிந்து "காழகத் தாக்கமும்" என்று நிற்கிறது. பழைய பதிப்புகள் எல்லாமே சீர் பிரித்து அச்சிட்டவை. பிற்காலத்தில் சொல் பிரித்து வெளியிட்ட பாடங்களும் இணையத்தில் கலந்து கிடக்கின்றன. ஒரே பாட்டு ஒரு தளத்தில் ஒரு மாதிரியும் அடுத்த தளத்தில் இன்னொரு மாதிரியும் இருக்கும். எல்லாரும் பாடமாகப் படித்த குறுந்தொகை 40 ஆம் பாட்டையே பாருங்கள். "யாரா கியரோ" என்று சீர் பிரித்த பக்கத்தில் "யாராகியரோ" என்று சேர்த்துத் தேடினால் ஒன்றும் வராது. நமக்கு ஒரே சொல், கணினிக்கு நடுவில் ஒரு இடைவெளி.

எழுத்துக்குள்ளேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் ஒரே குறியாக வைப்பது ஒன்று, தனித்தனியாக வைப்பது இன்னொன்று. திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் சில தேடுபொறிகள் இரண்டையும் வேறு வேறாக எடுத்துக்கொள்ளும். ஒருங்குறி (யூனிகோடு) வருவதற்கு முன் பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளை மாற்றியபோது இந்த மாதிரிக் குளறுபடிகள் நிறைய நுழைந்துவிட்டன. காலும் ர-வும் இடம் மாறி நிற்பதும் உண்டு.

பக்கப்படத்திலிருந்து மென்பொருள் எழுத்தைப் பிரித்தெடுத்த நூல்களை இன்னும் குறைவாக நம்புங்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முந்திய அச்சில் ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய உருவத்தில் இருக்கும். அதைப் பார்த்து மென்பொருள் வாய்க்கு வந்ததை எழுதிவைக்கும். அந்த நூலுக்குள் தேடி "இல்லை" என்று முடிவு கட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டில் ஆள் இல்லை என்று சொல்வதுதான்.

அப்படியானால் எப்படித் தேடுவது?

முழுச் சொல்லைப் போடாதீர்கள். மாறாத முதல் துண்டை மட்டும் போடுங்கள்: "காழக". வேறு பொருளில் வரும் இடங்களும் சேர்ந்து வரும், பரவாயில்லை, ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதல் எழுத்து முந்திய சொல்லோடு புணர்ந்து மாறியிருக்கலாம், அதற்கு நடுத்துண்டைப் போட்டுப் பாருங்கள். பெயர் என்றால் அதன் மாற்று வடிவங்களை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடாரத்தையே கல்வெட்டுகளில் கிடாரம் என்றும் பொறித்திருக்கிறார்கள்.

அடுத்தது, சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் ஓர் அனுபந்தம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் அதை இலவசமாகப் பார்க்கலாம். நம் பிள்ளைகள் அதைப் பொருள் பார்க்க மட்டும் திறக்கிறார்கள். பொருளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் நூற்பெயரின் சுருக்கமும் பாட்டின் எண்ணும் இருப்பதைக் கவனியுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனால் நேரே பாட்டில் போய் நிற்பீர்கள். சங்க நூல்களுக்குத் தொடரடைவுகளும் இணையத்தில் உண்டு, எந்தச் சொல் எந்த அடியில் வருகிறது என்று வரிசையாகக் காட்டும். உ.வே.சா. பதிப்புகளின் கடைசியில் இருக்கும் அரும்பத அகராதியையும் விடாதீர்கள். அதை மனிதர் ஒருவர் உட்கார்ந்து தொகுத்தார், அதனால் சந்தியும் சீரும் அதை ஏமாற்ற முடியாது.

இத்தனையும் செய்த பிறகும் கிடைக்கவில்லை என்றால், எந்தப் பதிப்பில், எந்தெந்த வடிவங்களைத் தேடினீர்கள் என்று எழுதுங்கள். "நான் பார்த்த பதிப்பில் இந்த வடிவங்களில் கிடைக்கவில்லை" என்ற வாக்கியத்தை எந்தத் தேர்வாளரும் அடிக்க மாட்டார்.

அந்தப் பெண்ணின் கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது. திருத்திய படியில் "சங்க இலக்கியம் கடாரத்தைத் தெளிவாகக் குறிப்பிடுகிறது" என்று எழுதிக் கொண்டுவந்தாள்! ஒரு பள்ளத்திலிருந்து ஏறி நேரே எதிர்ப்பள்ளத்தில் இறங்கியாயிற்று. நூல் சொல்வது காழகம், உரை சொல்வது கடாரம். காழகத்தைப் பர்மா என்று கொள்வோரும் இருக்கிறார்கள். கடாரம் என்ற பெயர் ஐயத்துக்கு இடமில்லாமல் வருவது ராசேந்திரனின் "திருமன்னி வளர" என்று தொடங்கும் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டில் அரசன் புகழைச் சொல்லும் பகுதியில். நூல், உரை, மெய்க்கீர்த்தி மூன்றையும் மூன்று வாக்கியமாகப் பிரித்து எழுத வைத்துத்தான் அனுப்பினேன். அதன் பிறகு தேறிவிட்டாள்.

மேடையில் கேட்டதை நூலில் இருப்பதாக எழுதுவது

"கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தே" என்பதைத் திருமண மண்டபத்திலும் பேச்சுப் போட்டியிலும் கேட்டுக் கேட்டு, புறநானூறு என்று மேற்கோள் போட்டுவிடுகிறார்கள். அது ஐயனாரிதனார் எழுதிய புறப்பொருள் வெண்பாமாலையில், கரந்தைப் படலத்தில் வரும் வெண்பாவின் பகுதி. புறநானூற்றுக்குப் பல நூற்றாண்டு பிந்திய இலக்கண நூல் அது. ஔவையார் என்ற பெயரைப் பார்த்ததும் அதியமானுக்குத் தூது போனவரையும் ஆத்திசூடி பாடியவரையும் ஒரே ஆளாக்கிவிடுவதும் இதே வகைதான். கேட்ட வரியைத் தேடுபெட்டியில் போட்டு வருகிற முதல் பத்துப் பக்கமும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையாக இருக்கலாம். நூலைத் திறந்து அந்த எண்ணில் அந்தப் பாட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

குறளுக்கு எண் மட்டும் கொடுப்பது

நாம் சொல்லும் குறள் எண் பரிமேலழகர் வைத்த வரிசைப்படி வருவது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்கள் வேறு வரிசையில் நிற்கும். உரைகளை ஒப்பிடுவதாக இருந்தால் அதிகாரத்தின் பெயரையும் குறளின் முதல் சீரையும் சேர்த்து எழுதுங்கள்.

விக்கிப்பீடியாவை மேற்கோள் காட்டுவது

வேண்டாம். கீழே உள்ள அடிக்குறிப்பைப் பிடித்து மேலே ஏறுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் பாட்டுக் கேட்பது

புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் நமக்குக் கிடைக்கவே இல்லை. அவற்றைக் கேட்டுப் பாருங்கள். பொழிப்புரையோடு வந்தால் அப்புறம் அதோடு பேச்சு வேண்டாம்.

தமிழ்நாட்டுத் தளங்களோடு நிறுத்திக்கொள்வது

1887இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்த சி. வை. தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். ஈழத்துப் பதிப்புகளையும் இதழ்களையும் பார்க்க, 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத் தளத்துக்குப் போகாமல் ஆய்வை முடிக்காதீர்கள். நம் நாட்டுப் பங்கும் இருக்கிறது. தனிநாயகம் அடிகள் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. உங்கள் தலைப்பில் அங்கேயே யாராவது கட்டுரை வாசித்திருக்கலாம். அதைப் பார்க்காமல் "இதுவரை யாரும் ஆராயவில்லை" என்று முன்னுரையில் எழுதுவது மேலே சொன்ன "தேடினேன், இல்லை"யின் தம்பி.

முகவரியை மட்டும் சேமிப்பது

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. மாதக்கணக்கில் பல சேவைகள் கிடைக்கவில்லை. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. தேவையான நூலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கப்பட நூல்கள் பெரிய கோப்புகள். தோட்டத்தில் மழை வந்தால் இணைப்பு படுத்துவிடும், அதனால் டவுனுக்கு வரும் நாளில் இறக்கிவிடுங்கள். வந்ததும் கோப்பின் பெயரை மாற்றுங்கள்: நூல், பதிப்பாசிரியர், ஆண்டு, எங்கிருந்து எடுத்தது, எந்த நாளில். வெறும் எண்களாக வந்த பெயரோடு பத்துப் பதினைந்து கோப்பை எனக்கு அனுப்பி "இதுல எது பட்டினப்பாலை சார்?" என்று கேட்டால் நான் திறக்க மாட்டேன்.