ஜெர்மன் டீச்சர் ஏன் தீபாவளிக்கு மேல் நிற்பதில்லை?

பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழி ஆசிரியர் உடனடியாகத் தேவை என்று நம் பள்ளி நிர்வாகங்களும் மொழிப் பயிற்சி மையங்களும் மே மாதக் கடைசியில் விளம்பரம் கொடுப்பதுதான் முதல் தவறு. நல்லவர்கள் அதற்குள் எங்காவது சேர்ந்திருப்பார்கள். தேட ஆரம்பிக்க வேண்டியது ஜனவரியில்.

தேடும் இடத்திலும் கோளாறு உண்டு. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஆள் சொல்லி அனுப்புவோம். சென்னையில் சில வருடம் பாடம் எடுத்துவிட்டுக் கல்யாணமாகிக் கோவை பீளமேட்டிலோ பெருந்துறையிலோ குடியிருக்கும் ஒருவர் நம் கண்ணில் படமாட்டார். அவருக்கு முழுநேர வேலை ஒத்துவராமல் இருக்கலாம். காலை 10 முதல் மதியம் 2 வரை என்றால் வருவார். ஈரோட்டில் ஒரு பள்ளி, பெருந்துறையில் ஒரு பள்ளி என இரண்டு நிர்வாகங்கள் கிழமை பிரித்து ஒரே ஆசிரியரை வைத்துக்கொள்ளலாம். "எங்க ஸ்டாஃப் எங்களுக்கு மட்டும்தானுங்க" என்று தாளாளர் பிடிவாதம் பிடித்தால் இருவருக்குமே ஆள் கிடைக்காது.

அடுத்தது, சான்றிதழைச் சரியாகப் படிக்காமல் ஆள் எடுப்பது. ஐரோப்பிய மொழிகளுக்கு ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகள். ஏ1 அடி, சி2 உச்சி. ஜப்பானிய மொழிக்கான ஜேஎல்பிடி தேர்வில் எண் தலைகீழாகப் போகும்: என்5 தான் அடி, என்1 உச்சி. அதில் பேச்சுத் தேர்வே கிடையாது, எழுதிக் காட்டவும் வேண்டாம். விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆகவே என்3 முடித்தவர் சரளமாகப் பேசுவார் என்று நம்பிவிடக் கூடாது, பேச வைத்துப் பார்க்க வேண்டும். பிளஸ் டூவில் பிரெஞ்சில் 98 மார்க் என்பதையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புவரை தமிழ் படித்துவிட்டு, மார்க்குக்காகப் பதினொன்றில் பிரெஞ்சுக்கு மாறிய பிள்ளைகள் நம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் ஏராளம். அந்த மார்க் தேர்வுக்குத் தயாரான விதத்தைச் சொல்லுமே தவிர, மொழி நிலையைச் சொல்லாது.

ஏ1, ஏ2 வகுப்புக்கு பி2 முடித்தவர், பி1, பி2 வகுப்புக்கு சி1 முடித்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி1 முடித்தவரையே பி1 நடத்தச் சொன்னால், மாணவர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவார்.

டெமோ வகுப்பை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் ஏமாற்றும். வணக்கம் சொல்வது, பெயர் கேட்பது, ஒன்று முதல் பத்துவரை எண்ணுவது என்று இருபது நிமிடத்தை யாரும் கலகலப்பாக ஓட்டிவிடலாம். அதைவிட, பழைய மாணவர் ஒருவரின் பிழையுள்ள விடைத்தாளைக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். 'நான் போனேன்' என்பதற்கு ஜெர்மனில் மாணவர் 'இஷ் ஹாபே கெகாங்கன்' என்று எழுதியிருப்பார். 'இஷ் பின் கெகாங்கன்' என்று வந்திருக்க வேண்டும். சிவப்பு மை போட்டுச் சரிசெய்வது பெரிய காரியமில்லை. இடம்விட்டு இடம் போவதைச் சொல்லும் வினைகளுக்குப் பெரும்பாலும் 'ஹாபே' வகை இல்லாமல் 'பின்' வகைத் துணைவினை வரும் என்று ஏ1 பிள்ளைக்குத் தமிழிலேயே விளங்க வைக்கிறாரா, அதைத்தான் பார்க்க வேண்டும். நேர்காணல் குழுவில் அந்த மொழி தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், வெளியிலிருந்து ஒருவரைக் காசு கொடுத்தாவது ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள்.

சேர்ந்த ஆள் நிற்காமல் போவதற்குச் சம்பளம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக் காரணம், நிர்வாகம் போட்ட நோட்டீஸ். ஜெர்மனிக்குப் போகும் நர்ஸுகளுக்காக "ஆறே மாதத்தில் பி2" என்று காந்திபுரம் முழுக்க ஒட்டிவிட்டு, அந்த வாக்கை ஆசிரியர் தலையில் கட்டிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பி2 நிலைக்கு வர 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவை என்பது ஜெர்மன் மொழித் தேர்வு நடத்தும் கோத்தே நிறுவனத்தின் கணக்கு. 600 என்றே வைத்தாலும் 450 மணி நேரம். நாளைக்கு இரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் நடத்தினால் 37 வாரத்துக்கு மேல், அதாவது ஒன்பது மாதம் ஆகும். பொங்கல், தீபாவளி விடுமுறை, நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி விழும் நர்ஸ், எதுவும் இதில் சேரவில்லை. கோத்தேவின் பி2 தேர்வில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என நான்கு பகுதியிலும் தனித்தனியாக 100க்கு 60 வாங்கியாக வேண்டும். ஆறாவது மாதம் பெற்றோர் வந்து நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். ஏழாவது மாதம் அவர் இருக்கமாட்டார்.

வகுப்புக்கு வெளியே போகும் நேரமும் வேலைதான். 20 பேர் எழுதிய கடிதத்தை ஆளுக்கு எட்டு நிமிடம் திருத்தினாலே 160 நிமிடம். அதற்கு ஃப்ரீ பீரியட் ஒதுக்காமல், "மொழிதானே, பாடம் கம்மிதானே" என்று சப்ஸ்டிட்யூஷனுக்கு அனுப்புவது, ராசிபுரம், திருச்செங்கோடு பக்க விடுதிப் பள்ளிகளில் இரவு ஸ்டடி ஹவரில் உட்கார வைப்பது, இவையெல்லாம் ஆளைத் துரத்தும் வழிகள். சரவணம்பட்டி ஐடி கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலை கிடைத்த அன்றே கிளம்பிவிடுவார்.

ஓடிவிடுவார் என்ற பயத்தில் அசல் சான்றிதழை வாங்கி பீரோவில் பூட்டுவது இன்னும் மோசம். அது தப்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தத் துறை சின்னது, ஒரே வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் இருப்பார்கள். ஒருவருடைய சான்றிதழைப் பிடித்து வைத்தால் அடுத்த பத்துப் பேர் விண்ணப்பிக்கமாட்டார்கள். அதற்குப் பதில், பேட்ச் முடியும்வரை இருந்தால் ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்று எழுதிக் கொடுங்கள்.

நிறைய பேர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு குறை இருக்கிறது. மூன்று வருடம் ஏ1 மட்டுமே நடத்தினால் ஆசிரியரின் சொந்த மொழி துருப்பிடித்துவிடும். அவருக்கு வருடத்தில் ஒரு மேல்நிலை வகுப்பாவது கொடுங்கள். அடுத்த நிலைத் தேர்வின் கட்டணத்தை நிர்வாகமே கட்டலாம். புது ஆள் தேடும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை.

வெளிநாட்டவரையே கொண்டுவர நினைப்பவர்களுக்கு: டூரிஸ்ட் விசாவில் வந்தவரை வகுப்பெடுக்க விடக் கூடாது, வேலைவாய்ப்பு விசா வேண்டும். ஆங்கிலம் தவிர்த்த மொழி ஆசிரியர்களுக்கு, அந்த விசாவுக்குரிய ஆண்டுக்கு 16.25 லட்சம் சம்பள வரம்பிலிருந்து விலக்கு உண்டு. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தாய்மொழிக்காரர் என்பதாலேயே நன்றாக நடத்துவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். உரையாடல் வகுப்புக்கும் உச்சரிப்புக்கும் அவரை வைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சிலர் போகத்தான் செய்வார்கள். கடைசி வாரத்தில் அவரிடம் பேட்ச் வாரியாக ஒரு தாள் எழுதி வாங்குங்கள்: எந்தப் புத்தகம், எந்தப் பாடம்வரை முடிந்தது, யார் எழுதுவதில் பின்தங்குகிறார், யார் பேசத் தயங்குகிறார். இது கையில் இல்லாவிட்டால், புதிதாக வருபவர் முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். பாதி மாணவர்கள் அந்த வாரமே நின்றுவிடுவார்கள்.