சின்ஸ் எங்க, ஃபார் எங்க? ஓசூர் இன்டர்வியூவுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துட்டு போங்க

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் இருந்து ஓசூர் கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போற பசங்க வாயில அடிக்கடி வர்ற வாக்கியம், "ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் த்ரீ இயர்ஸ்". கேக்குறவருக்கு புரிஞ்சுடும், ஆனா இதுல தப்பு ஒண்ணு இல்ல, ரெண்டு.

மொதல்ல சின்ஸ் விஷயம். வாக்கியத்தை தமிழ்ல மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. "மூணு வருஷமா", "ரெண்டு நாளா", "ரொம்ப நேரமா"ன்னு வந்தா அது அளவு, ஃபார் போடுங்க. "2021ல இருந்து", "நேத்துல இருந்து", "பொங்கல்ல இருந்து"ன்னு வந்தா அது ஆரம்பிச்ச நேரம், சின்ஸ் போடுங்க. ஒரே ஒரு இடத்துல இது காலை வாரும், நாம "ஒரு வாரத்துல இருந்து காய்ச்சல்"னும் சொல்லுவோம் இல்லையா, அங்க "இருந்து" இருக்கேன்னு சின்ஸ் போட்டுடாதீங்க, ஒரு வாரம்ங்கறது அளவுதான், அதனால ஃபார் எ வீக்.

அடுத்தது "ஐ ஆம் வொர்க்கிங்". முக்கால்வாசி தப்பு இங்கதான்னு நான் சொல்லுவேன். எப்பவோ ஆரம்பிச்சு இன்னும் நடந்துக்கிட்டு இருக்குன்னா ஹேவ் பீன் இல்லன்னா ஹேஸ் பீன் வேணும். "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ்", "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் சின்ஸ் 2021", இப்படி.

முடிஞ்சு போன கதைன்னா? நம்ம மாவட்டத்தையே எடுத்துக்கலாம். 1965 அக்டோபர் 2 அன்னிக்கு சேலத்துல இருந்து தருமபுரி மாவட்டம் பிரிஞ்சுது, 2004 பிப்ரவரி 9ல தருமபுரில இருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சுது. இப்போ இது ரெண்டையும் பாருங்க:

"கிருஷ்ணகிரி வாஸ் இன் தருமபுரி டிஸ்ட்ரிக்ட் ஃபார் தர்ட்டி எய்ட் இயர்ஸ்."

"கிருஷ்ணகிரி ஹேஸ் பீன் எ செபரேட் டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2004."

மொதல் வாக்கியம் முடிஞ்சு போன காலம், அதனால வாஸ் போதும், ஃபாரும் கூட வந்து உக்காந்துக்கும். ரெண்டாவது இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு, அதனால ஹேஸ் பீன். இன்டர்வியூல "ஐ வாஸ் இன் ஓசூர் ஃபார் த்ரீ இயர்ஸ்"னு சொன்னீங்கன்னா இப்போ அங்க இல்லன்னு அர்த்தம், இன்னும் அந்த வேலையிலயே இருக்கறவங்க இதைச் சொன்னா ஏன் விட்டீங்கன்னு அடுத்த கேள்வி வரும், உஷார்.

வரப்போற காலத்துக்கும் ஃபார்தான். "ரெண்டு நாளைக்கு ஊர்ல இருப்பேன்"ங்கறது "ஐ வில் பி இன் டவுன் ஃபார் டூ டேஸ்". சின்ஸுக்கு அங்க வேலையே இல்ல. ஆல் டே, ஆல் நைட் முன்னாடி ஃபார் போடாதீங்க, சும்மா "இட் ரெயின்ட் ஆல் நைட்" போதும்.

சின்ஸுக்குப் பின்னாடி முழு வாக்கியமும் வரலாம், "சின்ஸ் ஐ ஃபினிஷ்ட் ஐடிஐ", அதாவது ஐடிஐ முடிச்சதுல இருந்து. உள்ள இருக்கற வினை ஃபினிஷ்ட்னு இறந்த காலத்துல இருக்கறதை கவனிங்க. "இட் இஸ் டூ இயர்ஸ் சின்ஸ் ஐ ஃபினிஷ்ட் ஐடிஐ"ன்னு பாத்தா டூ இயர்ஸ் கிட்ட சின்ஸ் வந்துடுச்சேன்னு தோணும், ஆனா சின்ஸ் பிடிச்சிருக்கறது ஃபினிஷ்ட்டை, டூ இயர்ஸை இல்ல.

இப்போ நீங்க சொல்லிப் பாருங்க: "அரை மணி நேரமா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்", "காலையில இருந்து கரண்ட் இல்ல". மொதல்தோட விடை "ஐ ஹேவ் பீன் ஸ்டாண்டிங் அட் தி பஸ் ஸ்டாண்ட் ஃபார் ஹாஃப் அன் அவர்". அடுத்தது "தேர் ஹேஸ் பீன் நோ பவர் சின்ஸ் திஸ் மார்னிங்", வெறும் சின்ஸ் மார்னிங்னு நம்ம ஊர்ல சகஜமா சொல்லுவாங்க, எழுதும்போது மட்டும் திஸ் சேத்துக்கோங்க.