சித்திரவதை வாதங்களை எடைபோடுவது எப்படி?

கைதான ஒருவர் கையில் மாவுக்கட்டுடன் நிற்கும் படம் நாளிதழில் வந்தால், ‘கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம்’ என்று சென்னைத் தேநீர்க் கடையில் ஒருவர் சிரிப்பார். பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிப்பார். சித்திரவதை எந்நிலையிலாவது நியாயமாகுமா என்ற விவாதத்துக்கு நடுவராக அமர்பவர், அந்தச் சிரிப்புக்கும் சுளிப்புக்கும் அடியில் கிடக்கும் கேள்விகளை முதலில் பிரித்துவைக்க வேண்டும். அதனால் பலன் உண்டா என்பது ஒன்று. ஒரே ஒரு முறை செய்துவிட்டவரை மன்னிக்கலாமா என்பது வேறு. சட்டமே அதற்கு இடம் தரலாமா என்பது முற்றிலும் வேறு. ஒன்றுக்கான விடையை மற்றொன்றின் கணக்கில் வரவு வைப்பதில்தான் பேச்சாளர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள்.

ஆதரவு அணி எப்படியும் வெடிகுண்டுக் கதையைச் சொல்லும்: குண்டு எங்கோ இருக்கிறது, வைத்தவன் பிடிபட்டான், நேரமில்லை. உடனே பதில் தேடாமல், நிரூபிக்காமலே அந்தக் கதை எடுத்துக்கொள்பவற்றைத் தாளில் குறியுங்கள். பிடிபட்டவனே குற்றவாளி, அவனுக்கு இடம் தெரியும், அடித்தால் உண்மையைத்தான் சொல்வான், வேறு வழியே இல்லை. காவல் நிலையத்தில் விசாரணை நடப்பதே இவை தெரியாததால்தான்.

எதிரணியையும் சும்மா விடக் கூடாது. ‘அடித்தால் பொய்தான் வரும்’ என்பது அவர்கள் விரும்பிச் சொல்லும் வாதம். எனக்கு அது நொண்டி வாதமாகவே படுகிறது. 2002-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் 11 வயதுச் சிறுவனைக் கடத்தியவரிடம், கடும் வலியை அனுபவிக்க நேரிடும் என்று போலீசார் மிரட்டியதும் அவர் இடத்தைச் சொல்லிவிட்டார். சொன்னது உண்மை, ஆனால் சிறுவன் அதற்கு முன்பே கொல்லப்பட்டிருந்தான். இரு அணிகளின் பேச்சையும் இந்த ஒரு வழக்கு குலைத்துவிடுகிறது. அந்த மிரட்டல் மனிதத்தன்மையற்ற நடத்தை என்றும், உயிர்காக்கும் நோக்கமும் அதற்குச் சமாதானம் ஆகாது என்றும் 2010-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கூறியது. ஆகவே பலனை மட்டும் பற்றிக்கொண்டு பேசும் எதிரணியிடம், பலன் கிடைத்துவிட்ட நாளில் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். கட்டுண்டு கிடப்பவரைத் தாக்குவது தற்காப்பாகாது என்று வாதிடுபவருக்கு அந்தக் கேள்வியால் ஆபத்தில்லை.

சட்டக் கேள்விக்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. கிட்டி என்பது விரல்களை இடையே வைத்து நெரிக்கும் மரக் கருவி. சென்னை மாகாணத்தின் சித்திரவதைப் புகார்களை விசாரித்த ஆணையம், போலீஸ் விசாரணையில் மட்டுமன்றி நிலவரி வசூலிலும் இத்தகைய கொடுமைகள் நடந்ததை 1855-இல் பதிவுசெய்தது. அவற்றில் எந்தக் குண்டும் இல்லை, வரிபாக்கிதான் இருந்தது. எனவே ஆதரவு அணியிடம் ஒரு தாளைக் கொடுத்து, தங்கள் விதிவிலக்கைச் சட்டப்பிரிவாக எழுதச் சொல்லுங்கள்: உத்தரவிடுபவர் யார், தவறான ஆளை அடித்துவிட்டால் பொறுப்பு யாருடையது என்பவற்றோடு. எழுதி முடித்ததும், அந்தப் பிரிவுக்குள் வரிபாக்கி வைத்த குடியானவர் அகப்படாமல் தப்புகிறாரா என்று வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.