சிங்கப்பூர் – கோலாலம்பூர்: பயண நேரக் கணக்கில் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 350 கிலோமீட்டர். வானில் நேர்க்கோடு போட்டால் 300-ஐச் சற்றுத் தாண்டும். இந்த இரண்டு எண்களை மட்டும் நம்பித் திட்டம் போடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

மலேசியாவின் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். 'அப்படியானால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாமே' என்று வகுத்துப் பார்க்கிறார்கள். நடுவில் எல்லை ஒன்று இருப்பதை இந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. சிங்கப்பூரைவிட்டு வெளியேற ஒரு வரிசை, மலேசிய எல்லை நகரமான ஜொகூர் பாருவுக்குள் நுழைய இன்னொரு வரிசை. இரண்டையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலையிலும் ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைகளிலும் அதைக் கடக்கவே மணிக்கணக்காகலாம். சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலிருந்து கிளம்புகிறவர்கள் பழக்கதோஷத்தில் உட்லண்ட்ஸுக்குப் போகாமல், மலேசியாவுக்கான மற்றொரு பாலமான துவாஸ் இரண்டாம் இணைப்பையும் பார்க்கலாம்; பெரும்பாலும் அங்கே கூட்டம் குறைவு.

பழைய அறிவுரைகளையும் அப்படியே நம்ப வேண்டாம். ஜொகூர் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனியாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2025 ஜனவரி முதல் அங்கும் சனி, ஞாயிறுதான். நெரிசல் நாட்களைக் கணிக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 'விமானத்தில் ஒரு மணி நேரம்' என்ற மயக்கம். பறக்கும் நேரம் உண்மையிலேயே அவ்வளவுதான். ஆனால் சாங்கி விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போக வேண்டும். இறங்கும் கோலாலம்பூர் விமான நிலையமோ (கேஎல்ஐஏ) நகர மையத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. விரைவு ரயில் முதல் முனையத்திலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடங்களில் வந்துவிடும். டாக்சி என்றால் சாலை நெரிசல் விட்டபடி. வீட்டு வாசலிலிருந்து விடுதி வாசல் வரை கூட்டிப் பார்த்தால் நாலரை, ஐந்து மணி நேரம். எல்லை சுமுகமாக இருக்கும் நாளில் பேருந்துக்கு ஐந்தாறு மணி நேரம். வித்தியாசம் நினைப்பதைவிடச் சிறியது என்பதால், விமானத்தில் பெட்டிக்கான கட்டணத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

ரயில் விஷயத்தில்தான் குழப்பம் ஏராளம். இரு நகரங்களையும் 90 நிமிடங்களில் இணைக்கவிருந்த அதிவேக ரயில் ஒப்பந்தம் 2021 தொடக்கத்திலேயே ரத்தானது. இப்போது எல்லோரும் பேசும் ஆர்டிஎஸ் என்ற எல்லை தாண்டும் ரயில் பாதை வேறு: அது சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் இடையே வெறும் நான்கு கிலோமீட்டர் ஓடுவதற்கானது. கோலாலம்பூர் ரயில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் வரை வந்த காலமும் 2011 ஜூனோடு முடிந்தது.

பேருந்துச் சீட்டில் 'கோலாலம்பூர்' என்று இருந்தால் மட்டும் போதாது, எந்த நிறுத்தம் என்றும் பாருங்கள். பல பேருந்துகள் நிற்கும் டிபிஎஸ் (TBS) பேருந்து நிலையம் நகர மையத்தில் இல்லை, தெற்கே தள்ளி இருக்கிறது. எல்லைச் சாவடியில் இறங்கும்போது பெட்டி படுக்கையோடு இறங்குங்கள். வரிசையில் நீங்கள் தாமதமானால் பேருந்து காத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

சிங்கப்பூர்ப் பதிவுள்ள காரில் போகிறவர்கள், பெட்ரோல் அங்கே மலிவு என்று டாங்கியைக் காலியாக வைத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. முக்கால் டாங்கியாவது இல்லாவிட்டால் சிங்கப்பூர்ச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அபராதமும் உண்டு.