விறகு அடுப்போடு குளிர்காலத்தை ஓட்ட

விறகு அடுப்பால் வீட்டைச் சூடாக்க நினைத்தால், வேலை கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. பிளந்த விறகை மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றாட விட்டு அடுக்குங்கள். பைன் மாதிரி மென்மரத்துக்கு 6 மாதமாவது வேண்டும்; ஓக் 2 வருடம்கூடக் கேட்கும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். மீட்டர் இல்லையா? இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டங்'கென்று ஒலிக்கும். ஈரமானது 'சொத்'தென்று அடங்கிப்போகும். சொத்தென்ற கட்டையை நான் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

பற்றவைக்கும்போது பெரிய கட்டைகள் அடியில், அதன்மேல் சுள்ளி, உச்சியில் நெருப்பு. தலைகீழாகத் தெரியும், ஆனால் புகை குறைவு. காற்றுத் திறப்பை முழுதாகத் திறந்து வையுங்கள். கட்டைகள் நன்றாகப் பிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ராத்திரி முழுக்கக் கனியட்டும் என்று அடியோடு மூடிவிடாதீர்கள். தீ மூச்சுமுட்டிப் புகைந்தால் புகைபோக்கிக்குள் கிரியோசோட் (புகையிலிருந்து வரும், எளிதில் தீப்பிடிக்கும் கசடு) தார்போலப் படியும். அது பற்றிக்கொண்டால் கூரைக்கே ஆபத்து. கதவுக் கண்ணாடி கறுப்பது முதல் அறிகுறி. (அடுப்பு ஆறியதும் ஈரக் காகிதத்தில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் கறுப்பு போய்விடும். கடைத் திரவம் எதற்கு?)

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். வருடம் ஒருமுறையாவது ஆள் வைத்துப் புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம், கார்பன் மோனாக்சைடு (தீயிலிருந்து வரும் மணமில்லாத நச்சு வாயு) அலாரம் கட்டாயம்.