ஆர்.வி. தரைமூடி ஆடுகிறதா? ஸ்க்ரூவை இறுக்குவதற்கு முன்னால்

மோட்டர்ஹோம், அதாவது படுக்கை, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற ஆர்.வி. வண்டி, ஓடும்போது பின்பக்கம் லொடலொடவென்று சத்தம் கேட்டால், அடுத்து வண்டி நின்றதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தரைமூடியின், அதாவது அடியில் இருப்பதை எட்டுவதற்காகத் தரையில் வைத்த திறப்பு மூடியின், ஸ்க்ரூக்களை இறுக்கிவிடுவதுதான் வழக்கம். கொஞ்ச நாள் அமைதியாக இருக்கும், அப்புறம் அதே சத்தம். மூடி எங்கோ ஆடுகிறது, அந்த ஆட்டம் ஸ்க்ரூவைத் தளர்த்துகிறது. ஆட்டத்தை விட்டுவிட்டு ஸ்க்ரூவை மட்டும் திரும்பத் திரும்ப முறுக்கினால் கடைசியில் பிளைவுட்டில் மரை போய்விடும்.

எங்கள் வண்டி டீசல் புஷர் வகை. இன்ஜின் பின்னால், படுக்கைக்கு நேர் கீழே இருக்கிறது. கட்டில் பலகையைத் தூக்கினால் அதன் மூடி தெரியும். நடைவழியில் இன்னொரு சின்ன மூடி, அதன் கீழே தண்ணீர் பம்பும் குழாய்களும். டெக்சஸ் நெடுஞ்சாலைகளில் இரண்டும் பேசாமல் இருக்கும். நியூ மெக்சிகோவில் சாக்கோ கேன்யனுக்குப் போகிற மண்சாலையில், அலையலையாக வரிவிழுந்த அந்தத் தரையில் போய்வந்தால், எந்த மூடியில் என்ன குறை என்று தானாகத் தெரிந்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் வண்டி சமதரையில் நிற்கட்டும். பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் மூடி என்றால் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் தொட வேண்டும். டிரில் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் வெளி மின்சாரத்தையும் ஜெனரேட்டரையும் நிறுத்தி, பேட்டரி இணைப்பையும் துண்டித்துவிடுங்கள்.

முதலில் கால்விரிப்பை எடுத்துவிட்டு, மூடியின் நான்கு மூலைகளையும் குதிகாலால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஒரு மூலை அமுங்கி எதிர்மூலை எழும்பினால் மூடி சட்டத்தில் சரியாக உட்காரவில்லை. அடுத்து, ஒரு காகிதத் துண்டை விளிம்பில் வைத்து மூடியைச் சாத்தி, காகிதத்தை இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பட்டை நைந்துபோயிருக்கிறது. சுற்றிலும் இப்படிப் பார்த்து, பிடிப்பில்லாத இடங்களில் பென்சிலால் குறி வையுங்கள். ஆட்டம் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

இனி கீல். மூடியைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு இடவலமாக அசையுங்கள். கீலின் ஆணி தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். ஸ்க்ரூ தலையைச் சுற்றி டார்ச் அடித்து நன்றாக உற்றுப் பாருங்கள். தளர்ந்த ஸ்க்ரூவின் கீழே கீல் தகடு பிறை வடிவில் பளபளவென்று தேய்ந்திருக்கும், பக்கத்தில் அலுமினியமானால் கருப்பாகவும் இரும்பானால் செம்பழுப்பாகவும் மாவு மாதிரி ஒரு தூள் ஒட்டியிருக்கும். விரலில் அந்தத் தூள் ஒட்டினால் அந்த ஸ்க்ரூ ரொம்ப நாளாகவே உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்க்ரூவைக் கழற்றிய துளைக்குள் ஒரு குத்தூசியை விட்டு அழுத்திப் பாருங்கள். மரம் உறுதியாக எதிர்த்தால் நல்லது. மெத்தென்று உள்ளே போனால் ஈரம் ஏறியிருக்கிறது. பம்ப் இணைப்பில் கசிவா, சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரா என்று கண்டுபிடித்து அதை நிறுத்தி, மரம் காயும்வரை காத்திருங்கள். உளுத்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைக்க வேண்டும். உளுத்த மரத்தில் எந்த ஸ்க்ரூவும் நிற்காது.

மரம் நன்றாக இருந்து மரை மட்டும் போயிருந்தால், பல் குத்தும் குச்சியில் பசை தடவிச் செருகும் பழைய வழி அலமாரிக் கதவுக்குப் போதும். கால் மிதிக்கிற மூடிக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகிறவர்கள் இருட்டில் மிதிக்கிற பலகை அது. மூடியின் பக்கம் மர ஸ்க்ரூவை விட்டுவிட்டு, தலை உட்காரும் வகை போல்ட்டைப் பலகையை ஊடுருவ விட்டு, அடியில் அகலமான வாஷரும் நைலான் வளையம் வைத்த லாக் நட்டும் போடுங்கள். மூடியைத் திருப்பினால் அடிப்பக்கம் கைக்கு வந்துவிடுகிறது, பிறகென்ன? ஒருமுறை கழற்றிய லாக் நட்டின் பிடி குறைந்துவிடும், புதிதாகப் போடுங்கள். சட்டத்தின் அடியில் கை போகாது என்பதால், அங்கே துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, கெட்டியான எபாக்சிப் பசையை நிரப்பி, முழுதாக இறுகிய பின் புதுத்துளை போட்டு ஸ்க்ரூவை ஏற்றுங்கள்.

இன்னும் நீளமான ஸ்க்ரூ போட்டால் பிடிக்கும் என்று தோன்றும். வேண்டாம். தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாயோ, கழிவுத் தொட்டியோ, ஒயர் கட்டோ இருக்கலாம். பலகையின் கனத்தை அளந்து, டிரில் பிட்டில் அந்த அளவில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும்.

உலோகத்தில் ஏறும் ஸ்க்ரூவுக்கு, மரை தளராமல் பிடிக்கிற பசையான நீல லாக்டைட் 242 அல்லது 243 ஒரு சொட்டு போதும், முழுப் பிடிப்பு வர 24 மணி நேரம் ஆகும். சிவப்பு வேண்டாம். அதைக் கழற்ற 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டியிருக்கும், ஆர்.வி. தரையில் அது ஆகிற காரியமா? மர ஸ்க்ரூவுக்கு இரண்டுமே பயன்படாது. பிளாஸ்டிக் தாழ்ப்பாளில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், சில பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.

ரப்பர் பட்டையை மாற்றும்போது தடிமன்தான் முக்கியம். மெலிந்தால் ஆட்டம் நிற்காது. தடித்தால் தாழ் பூட்டாது, அழுத்தம் முழுவதும் கீலில் விழும். இன்ஜின் மூடிக்கு ஜன்னலுக்கு ஒட்டுகிற ஸ்பாஞ்சைப் போடாதீர்கள், சூடு தாங்குகிற வகைதான் வேண்டும். அந்தப் பட்டை சத்தத்தை மட்டுமல்ல, புகையையும் படுக்கையறைக்கு வராமல் தடுக்கிறது. மூடியைக் கழற்றிய அன்றே, இன்ஜின் புகையில் இருக்கும் நச்சு வாயுவைக் கண்டு எச்சரிக்கிற கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்து, அதில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது எல்லா ஸ்க்ரூக்களையும் முதலில் தளர்வாக வைத்து, மூடியைச் சாத்தி, நான்கு பக்க இடைவெளியும் ஒரே மாதிரி வந்தபின் கையால் இறுக்குங்கள். தட்டித் தட்டி முறுக்குகிற இம்பேக்ட் டிரைவர் மெஷின் ஒரு நொடியில் மரையைத் தின்றுவிடும். பல ஆர்.வி.க்களில் சதுரக்குழி ஸ்க்ரூதான் இருக்கும், அதற்குரிய 2ஆம் எண் பிட்டையே எடுங்கள். தாழ் பூட்டும்போது பட்டை சற்றே அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் தாழ் கொளுவும் தகட்டைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலிருந்தும் தகடு வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். அடுத்த கரடுமுரடான சாலைக்குப் பிறகு கோடு எங்கே விலகியிருக்கிறதோ, அந்த மூலையில் காகிதத்தை மறுபடி வைத்து இழுத்துப் பாருங்கள்.