‘எக்ஸாஜரேட்’ செய்யும்போது நேரும் பிழைகள்

ஆங்கிலம் எழுதப் பழகுபவர்கள் ‘எக்ஸாஜரேட்’ (மிகைப்படுத்து) என்ற வினையில் சில இடங்களில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழையைக் கணினியே திருத்திவிடும். பொருட்பிழையை அது கண்டுகொள்ளாது.

பொய்யும் மிகையும் ஒன்றல்ல

பட்டமே வாங்காதவர் வாங்கியதாகச் சொன்னால், ‘ஹி எக்ஸாஜரேட்டட்’ என்று எழுதுகிறார்கள். தவறு. அது பொய், ‘ஹி லைட்’ (பொய் சொன்னார்) என்றே எழுத வேண்டும். இரண்டு ஆண்டு அனுபவத்தை ஐந்து ஆண்டு என்று நீட்டினால்தான் எக்ஸாஜரேட். இந்த வினையின் லத்தீன் மூலத்துக்கு மேடாகக் குவிப்பது என்று பொருள். குவிக்க அடியில் கொஞ்சமாவது மண் இருக்க வேண்டும்.

1897இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் இறந்துவிட்டதாக வதந்தி பரவியபோது, தன் மரணச் செய்தி ‘அன் எக்ஸாஜரேஷன்’ என்று அவர் பதில் எழுதினார். மரணத்தில் கூடுதல் குறைவு கிடையாது, அதை மிகைப்படுத்தவே முடியாது. நகைச்சுவை அங்கேதான் இருக்கிறது. நாம் அதே சொல்லாட்சியை அலுவலகக் கடிதத்தில் எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், குழம்புவார்கள்.

காப்பீட்டில் இந்த வேறுபாடு பணத்தையே தீர்மானிக்கிறது. 2016இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வெர்ஸ்லூட் டிரெட்ஜிங் வழக்கில், மூன்றைப் பிரித்துப் பார்த்தது. நடக்காத இழப்பைக் கட்டிவிடுவது ‘ஃபேப்ரிகேட்’. நடந்த இழப்பின் தொகையைக் கூட்டுவது ‘எக்ஸாஜரேட்’. கோரிக்கை முழுக்க நியாயமானது, ஆனால் அதற்குத் துணையாகத் தேவையில்லாத ஒரு பொய்யையும் ஒட்டவைப்பது ‘எம்பெல்லிஷ்’. முதல் இரண்டில் மொத்தத் தொகையும் போகும். மூன்றாவதில், அந்தப் பொய் உரிமையைப் பாதிக்காதது என்றால், பணம் கிடைக்கும். ஆகவே ஒருவருடைய கோரிக்கையைப் பற்றிக் கடிதம் எழுதுபவர் இந்த மூன்றையும் மாற்றிப் போட்டால், அவர்மேல் வேறொரு குற்றத்தையே சுமத்திவிடுகிறார்.

பின்னால் ‘தட்’ வராது

‘ஹி எக்ஸாஜரேட்டட் தட்…’ என்று தொடங்காதீர்கள். ‘தி டேமேஜ்’, ‘ஹிஸ் ரோல்’, ‘தி ரிஸ்க்’ போல ஒரு பெயர்ச்சொல் நேரடியாக வரவேண்டும். ‘டோன்ட் எக்ஸாஜரேட்’ என்று எதுவும் சேர்க்காமலும் நிறுத்தலாம். முழு வாக்கியம் தொடர வேண்டுமானால் வினையை ‘க்ளெய்ம்ட் தட்’ என்று மாற்றுங்கள். பேச்சில் ‘எக்ஸாஜரேட் அபவுட்’ கேட்கும். எழுத்தில் ‘அபவுட்’டை எடுத்துவிடுங்கள்.

‘ஓவர்-எக்ஸாஜரேட்’

வேண்டாம். ‘ஓவர்’ உள்ளேயே இருக்கிறது.

தலைகீழாகும் பாராட்டு

ஒன்றின் முக்கியத்துவத்தைச் சொல்ல ‘கெனாட் பி அண்டர்ஸ்டேட்டட்’ என்று எழுதுவது இப்போது பரவலாகிவிட்டது. சொல்லுக்குச் சொல் பார்த்தால், எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் தகும் என்றாகிறது. பாராட்டு அவமதிப்பாக மாறுகிறது. எழுத வேண்டியது ‘கெனாட் பி ஓவர்ஸ்டேட்டட்’, அல்லது ‘கெனாட் பி எக்ஸாஜரேட்டட்’. நம் மேடைப் பேச்சின் ‘என்றால் மிகையாகாது’ என்பதற்கு நேரானது ‘இட் இஸ் நோ எக்ஸாஜரேஷன் டு சே’. சந்தேகமாக இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு ‘வெரி இம்பார்ட்டன்ட்’ என்று எழுதுங்கள், பிழை நேராது.

உச்சரிப்பு

‘இக்ஸாஜரேட்’. அழுத்தம் ‘ஸா’வில். இரண்டு ‘ஜி’ இருந்தாலும் ஒலி ‘ஜ’தான், ‘க’ இல்லை.